சதையைக் கடந்து சென்ற கிரணம்

1896-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி. ஜெர்மனியின் பவேரியா ராஜ்யத்தைச் சேர்ந்த வூர்ஸ்பர்க் நகரில், சர்வகலாசாலைப் பௌதிகக் கூடத்தின் மண்டபம் நிரம்பி வழிந்தது. பேராசிரியர்களும், ராணுவ அதிகாரிகளும், மாணவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நின்றவருக்கு வயது 50, அடர்ந்த தாடி, தாழ்ந்த குரல். பிரசங்கம் செய்வது அவருக்குப் பிடித்தமான காரியமே அல்ல. ஆயினும் அன்று அவர் பேச்சைக் கேட்கக் கூடியவர்கள் மூச்சுக்கூட விடவில்லை.

பேச்சின் முடிவில் அவர், சபையிலிருந்த முதியவர் ஒருவரை அழைத்து, அவருடைய கையைப் படம் பிடிக்க அனுமதி கேட்டார். முதியவர் மகிழ்ச்சியோடு கையை நீட்டினார். சற்று நேரத்தில் படம் கழுவப்பட்டுச் சபையோருக்குக் காட்டப்பட்டது. விரல் எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன. விரலில் கிடந்த மோதிரம் கறுத்துத் தெரிந்தது. மண்டபம் கரகோஷத்தால் அதிர்ந்தது. அந்த முதியவரே எழுந்து நின்று, இக்கிரணங்களுக்கு இதைக் கண்டவரின் பெயரையே சூட்டவேண்டும் என்று கூறினார். எல்லோரும் அதை ஆமோதித்தார்கள்.

மேடையில் நின்றவர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன். கை கொடுத்தவர் ஆல்பர்ட் வான் காலிக்கர் என்ற உடற்கூற்று நிபுணர். அப்போது அவருக்கு வயது 78.

இந்தக் காலிக்கர் யார் என்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். குடல், இரத்தக்குழாய் ஆகியவற்றின் சுவர்களிலுள்ள தசை, தனித்தனி உயிரணுக்களால் ஆனது என்று 1840-களிலேயே காட்டியவர் அவர். துடிக்கும் தவளை இருதயத்தின் தசையிலிருந்து மின்சாரம் எழுகிறது என்று ஒரு நண்பருடன் சேர்ந்து நிரூபித்தவர். தசை இழைகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தே ஆயுளின் பெரும் பகுதியைக் கழித்தவர். அப்படிப்பட்டவருடைய கையை உலகத்தின் புதுமையான கண் பார்த்தபோது, அது எலும்பைப் பார்த்தது, மோதிரத்தைப் பார்த்தது. தசையை மட்டும் மெல்லிய புகைபோல் விட்டுவிட்டுப் போய்விட்டது! 78 வயதுக் கையின் தசை எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதை அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இதை அன்றைக்கு ஒருவரும் குறையாக எண்ணவில்லை. எண்ணுவதற்கு நேரமும் இல்லை.

பள்ளிக்கூடம் துரத்திய பிள்ளை

ராண்ட்ஜன் பிறந்தது 1845-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி, ரைன் பிரதேசத்திலுள்ள லென்னப் என்ற சிற்றூரில். தகப்பனார் துணி வியாபாரி. தாயார் ஹாலந்து தேசத்தோடு உறவுடைய குடும்பத்தில் வந்தவர். ஒரே பிள்ளை. அவனுக்கு 3 வயதாகும்போது குடும்பம் ஹாலந்திலுள்ள ஆப்பல்டோர்ன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது.

படிப்பில் பையன் சூரன் என்று சொல்வதற்கில்லை. காடு மேடு சுற்றுவதிலும், கையால் ஏதேனும் கருவிகள் செய்வதிலுமே ஆசை. யூட்ரெக்ட் நகரில் தொழிற் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விபரீதம் நேர்ந்தது. உபாத்தியாயர் ஒருவரைக் கேலி செய்து யாரோ ஒரு மாணவன் சித்திரம் வரைந்துவிட்டான். வரைந்தவன் யார் என்று ராண்ட்ஜனிடம் கேட்டார்கள். அவன் தோழனைக் காட்டிக் கொடுக்க மறுத்தான். பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இந்தத் தண்டனை வெகு காலம் அவரை நிழல்போல் தொடர்ந்தது. பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாமல் சர்வகலாசாலையில் முறையாகச் சேர வழியில்லை. நல்ல வேளையாக, ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிச் நகரத்துப் பாலிடெக்னிக்கில் நுழைவுப் பரீட்சையை வைத்தே மாணவர்களை எடுத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டு, 1865-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். இயந்திரப் பொறியியல் படித்தார். 1869-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஊரில் சாப்பாட்டு விடுதி நடத்திய லுட்விக் என்பவரின் மகள் பெர்த்தாவை அங்கேதான் சந்தித்தார். பெர்த்தா அவரைவிட 6 வயது மூத்தவர். 1872-ல் விவாகம் நடந்தது. குழந்தைகள் பிறக்கவில்லை, பெர்த்தாவின் சகோதரருடைய மகளை 6 வயதிலிருந்து வளர்த்துப் பின்னர் ஸ்வீகாரம் செய்துகொண்டார்கள்.

ஆசிரியர் ஆகஸ்ட் குண்ட் என்பவருக்கு உதவியாளராக வூர்ஸ்பர்க் சென்றார் ராண்ட்ஜன். அங்கே விரிவுரையாளராக உரிமை கேட்டபோது, பள்ளிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுச் சர்வகலாசாலை கதவைச் சாத்திவிட்டது. பின்பு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1874-ல் அந்த உரிமை கிடைத்தது. ஹோஹன்ஹைம், மறுபடி ஸ்ட்ராஸ்பர்க், கீசன் என்று ஊர் ஊராய்ப் பதவி உயர்ந்தது. கடைசியில் 1888-ல், எந்த வூர்ஸ்பர்க் அவரை வேண்டாம் என்றதோ அதே வூர்ஸ்பர்க் பேராசிரியராக வரும்படி அழைத்தது. 1894-ல் அவரையே சர்வகலாசாலையின் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. காலத்தின் வேடிக்கை இதுதான்!

கதவடைத்த அறை

1895-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, வெள்ளிக்கிழமை. காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாயினுள் மின்சாரத்தைச் செலுத்தி அதில் உண்டாகும் விளைவுகளை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்காலத்தில் பலர் செய்துவந்த சோதனைதான் அது. குழாயிலிருந்து வெளிச்சம் சிறிதும் கசியாதபடி கறுப்பு அட்டையால் மூடினார். அறையையும் இருட்டாக்கினார். மின்சாரத்தைச் செலுத்தியதும் சற்று தூரத்தில் ஏதோ ஒன்று பச்சை ஒளி வீசியது. பேரியம் பிளாட்டினோ சயனைடு என்ற ரசாயனப் பொருள் பூசிய காகிதம் அது. மூடிய குழாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அட்டையைக் கடந்து போய் அதை ஒளிரச் செய்கிறது என்பது தெளிவாயிற்று. இன்னதென்று தெரியாத பொருளுக்குக் கணிதத்தில் இடும் எழுத்தையே பெயராக வைத்து, எக்ஸ் கிரணம் என்றார்.

அதன் பிறகு 7 வாரம் அவர் வெளியுலகை மறந்தார். சாப்பாடும் படுக்கையும் சோதனைச் சாலையிலேயே என்று ஆயிற்று. குடியிருப்பு அதே கட்டடத்தின் மேல்மாடியில்தான். என்றாலும் மனைவியார் அவரைக் காண்பது அரிதாயிற்று. தாம் செய்வது வெளியே தெரிந்தால் ராண்ட்ஜனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஜனங்கள் சொல்வார்கள் என்று மட்டும் மனைவியிடம் கூறினாராம். மரக்கட்டை, தடித்த புத்தகம், அலுமினியத் தகடு, ஈயம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கிரணத்தின் குறுக்கே வைத்துப் பார்த்தார். மரமும் காகிதமும் வழிவிட்டன, ஈயம் தடுத்தது. கையைக் குறுக்கே நீட்டியபோது தம் சொந்த எலும்பின் நிழலையே திரையில் கண்டார்.

டிசம்பர் 22-ந் தேதி பெர்த்தாவை அழைத்து, புகைப்படத் தகட்டின்மேல் கையை வைக்கச் சொன்னார். 15 நிமிஷம் அசையாமல் வைத்திருந்தார் அந்த அம்மையார். படத்தைக் கண்டதும் தம் மரணத்தையே பார்த்ததுபோல் அவர் நடுங்கினார் என்று சொல்லப்படுகிறது. 56 வயதான ஒரு பெண்மணிக்குத் தம் எலும்புக்கூட்டைத் தாமே பார்க்க நேர்ந்தால் நடுக்கம் வராமல் என்ன செய்யும்?

டிசம்பர் 28-ந் தேதி கட்டுரையைச் சங்கத்தாரிடம் கொடுத்தார். ஜனவரி முதல் வாரத்தில் வீயன்னா பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. அவ்வளவுதான், காட்டுத் தீபோல் உலகமெங்கும் பரவிற்று. ஜனவரி 13-ந் தேதி பெர்லினில் கெய்ஸர் சக்கரவர்த்தியின் முன்னிலையில் சோதனையைச் செய்து காட்டினார். ஒடிந்த எலும்பையும் உடலில் புதைந்த துப்பாக்கிக் குண்டையும் தேடிப் பார்க்க அந்த ஆண்டிலேயே டாக்டர்கள் இக்கிரணத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஒரே ஆண்டில் இதைப்பற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதப்பட்டன. கண்டுபிடித்தவரோ இந்தக் கிரணத்தைப்பற்றித் தம் வாழ்நாளில் எழுதியவை மூன்றே கட்டுரைகள்!

ஏன் தசை தெரியவில்லை?

முதல் கட்டுரையிலேயே ராண்ட்ஜன் இதைக் கவனித்துக் குறித்திருக்கிறார். எலும்பின் நிழல் கறுப்பாகவும், அதைச் சுற்றிய கையின் நிழல் மிக லேசாகவும் விழுகிறது என்பது அவர் குறிப்பு. காரணம் எளியது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது கிரணத்தை நிறைய விழுங்கிவிடும். தசையோ முக்கால் பங்கு நீர். நீரும், இரத்தமும், தசையும் கிரணத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கொழுப்பு சற்று அதிகமாக வழிவிடும். ஆனால் அந்தச் சிறு வித்தியாசம் முன்னும் பின்னும் உள்ள நிழல்களோடு கலந்து மறைந்துபோகும். விளக்கின் முன் பத்துத் திரைகளைத் தொங்கவிட்டு, நடுவிலுள்ள திரையில் என்ன பூவேலை இருக்கிறது என்று கேட்பதைப் போன்றது இது.

ஆகவே, மனிதன் மூப்படையும்போது நாற்காலியிலிருந்து எழும் தொடையிலும், படியேறும் காலிலும் என்ன நேர்கிறது என்பதை அறிய இக்கிரணம் அன்று உதவவில்லை. நாடாவைச் சுற்றித் தொடையை அளந்து பார்ப்பதுதான் டாக்டர்களுக்கு இருந்த ஒரே வழி. அந்த நாடாவும் ஏமாற்றும். தசை குறைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிட்டால் அளவு பழைய அளவாகவே இருக்கும்.

வேண்டாம் என்ற பணம்

ராண்ட்ஜன் நினைத்திருந்தால் கோடீசுவரராகி இருக்கலாம். ஏ.இ.ஜி. என்ற பெரிய ஜெர்மன் மின்சாரக் கம்பெனியின் பிரதிநிதி அவரைத் தேடி வந்து, கண்டுபிடிப்பின் உரிமையைக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும்படி கேட்டார். கண்டுபிடிப்புகள் மனித குலத்துக்குச் சொந்தமானவை, அவற்றைத் தனியார் உரிமைக்குள் அடைக்கக் கூடாது என்று ராண்ட்ஜன் மறுத்துவிட்டார். பேடண்ட் வாங்கவே இல்லை. 1901-ல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் சென்று பரிசை வாங்கினார். பிரசங்கம் செய்யாமல் திரும்பினார். பரிசுத் தொகையை வூர்ஸ்பர்க் சர்வகலாசாலைக்கு விட்டுக்கொடுத்தார். பெயருக்கு முன்னால் பிரபுக்களைப்போல் வான் என்று போட்டுக்கொள்ளும் உரிமை வந்தது, அதையும் போட்டுக்கொள்ளவில்லை.

புகழ் வந்தால் பொறாமையும் கூடவே வரும். பிலிப் லெனார்டு என்ற விஞ்ஞானி, இந்தக் கண்டுபிடிப்பின் பெருமையில் தமக்கும் பங்கு உண்டு என்று கடைசிவரை குமுறிக்கொண்டிருந்தார். ராண்ட்ஜன் பதிலுக்குச் சண்டை போடவில்லை.

இக்கிரணத்தில் விஷமும் இருக்கிறது என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி, கிரணத்தால் புண்பட்டுக் கைகளை இழந்து 1904-ல் மாண்டார். ராண்ட்ஜன் தம் சோதனைகளை நாகத் தகடு அடித்த பெட்டி ஒன்றினுள் இருந்து செய்து வந்தார். கிரணத்துக்கு அஞ்சி அதை அவர் அமைக்கவில்லை. சோதனையின் வசதிக்காகவே அமைத்தார். அதுவே அவருக்குக் கவசமாயிற்று.

1900-ல் ம்யூனிக் நகரத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். 1912-ல் அதே நகரில் லாவே என்பவரும் துணைவர்களும், படிகத்தின் வழியே இக்கிரணத்தைச் செலுத்தினால் புள்ளிக் கோலம்போல் சிதறுகிறது என்று கண்டார்கள். அந்தக் கோலத்தைப் படித்து, பொருளின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை அறியலாம். பிற்பாடு ஹியூ ஹக்ஸ்லி என்ற ஆங்கில விஞ்ஞானி இம்முறையைத் தவளைத் தசையில் கையாண்டார். தசை சுருங்கும்போது அதனுள்ளிருக்கும் நுண்ணிழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்று அவரும், தனியாக ஆராய்ந்த ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1954-ல் வெளியிட்டார்கள். தசையைப் புகையாக விட்டுப்போன கிரணம், வேறொரு வழியாகத் தசையின் ரகசியத்துக்குச் சாட்சி சொல்லிற்று.

முதுமை

1914-ல் மகாயுத்தம் மூண்டது. ஜெர்மனியின் செய்கைகளை ஆதரித்து அந்நாட்டு அறிஞர் 93 பேர் வெளியிட்ட அறிக்கையில் ராண்ட்ஜனும் கையெழுத்திட்டார். அவர் வாழ்க்கையில் பெருமைக்குரிய செயல் என்று இதைச் சொல்ல முடியாது. யுத்தத்தில் உணவுப் பஞ்சம் வந்தபோது, சர்க்கார் விதித்த ரேஷன் அளவை அட்சரம் பிசகாமல் அனுசரித்தார், உடல் மெலிந்துபோனார்.

பெர்த்தா அம்மையார் நெடுங்காலம் சிறுநீரக நோவால் துன்பப்பட்டார். வலி பொறுக்க முடியாத நாட்களில் கணவரே மார்பியா ஊசி போட்டு அருகிலிருந்து பார்த்துக்கொண்டார். உலகத்தின் முதல் எக்ஸ்ரே படங்களுள் ஒன்றாய் நிலைத்துவிட்ட அந்தக் கைக்கு உரியவர் 1919 அக்டோபரில் கண்மூடினார். அடுத்த ஆண்டு ராண்ட்ஜன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

ம்யூனிக்குக்குத் தெற்கே வைல்ஹைம் என்ற ஊரில் அவருக்கு ஒரு நாட்டுப்புற வீடு இருந்தது. வேட்டையும் மலையேற்றமும் இளமையிலிருந்தே அவருக்கு உயிர். எழுபது வயதைக் கடந்த பின்பும் மலைப்பாதையில் நடப்பதை அவர் விடவில்லை. யுத்தத்துக்குப் பின் ஜெர்மன் நாணயம் மதிப்பிழந்து கந்தல் காகிதமாயிற்று. ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் அதோடு கரைந்தது. பேடண்ட் வாங்கியிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா என்று பிறர் பேசினார்களே தவிர, அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

குடலில் புற்றுநோய் கண்டு, 1923 பிப்ரவரி 10-ந் தேதி ம்யூனிக்கில் காலமானார். அந்த நோய்க்கும் கிரணத்துக்கும் தொடர்பு இருந்ததாக யாரும் கருதவில்லை. 78 வயது நிறைய இன்னும் 6 வாரமே இருந்தது. தம் கடிதங்களையும் ஆராய்ச்சிக் குறிப்புகளையும் எரித்துவிட வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார், அப்படியே செய்தார்கள். அஸ்தி கீசன் நகரில், தாய் தந்தையரும் மனைவியும் துயிலும் இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

தொடையின் குறுக்கே

அவர் விட்ட குறை தீர அரை நூற்றாண்டு ஆயிற்று. இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியியலறிஞர், கிரணத்தை உடலைச் சுற்றிச் சுற்றிச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு வெளிவருகிறது என்று அளந்து, கணக்கிடும் இயந்திரத்தைக்கொண்டு குறுக்குவெட்டுப் படம் ஆக்கினார். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் மூளை இவ்விதம் படமாயிற்று. சி.டி. ஸ்கேன் என்று நாம் சொல்வது இதுதான். இதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1,000, கொழுப்பு சுமார் மைனஸ் 100, தசை சுமார் 50. முன்னே சொன்ன பத்துத் திரைகளில் நடுத்திரையை மட்டும் உருவி எடுத்துப் பார்க்க வழி பிறந்துவிட்டது!

வாழைத்தண்டைக் குறுக்கே அரிந்தாற்போல் தொடை படத்தில் தெரிந்தது. நடுவில் எலும்பு, சுற்றிலும் தசை, வெளியே கொழுப்பு. முதியவர்களின் தொடையில் தசை வட்டம் சிறுத்திருந்தது. அதன் ஊடேயும் கொழுப்பு இழையோடியிருந்தது. கசாப்புக் கடையில் வெள்ளை வரி ஓடிய கறியைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவ்வாறு சதை வறுமைப்படுவதற்கு, கிரேக்கச் சொற்களை இணைத்து, சார்கோபீனியா என்று 1989-ல் அமெரிக்கரான இர்வின் ரோஸன்பர்க் பெயரிட்டார்.

கிரணமே இல்லாமல் காந்த சக்தியால் உடலைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. முறையும் பின்னர் வந்தது. 18 முதல் 88 வயது வரை 468 ஆண் பெண்களை அம்முறையில் முழுமையாகப் படம் பிடித்த ஆராய்ச்சி 2000-ல் வெளிவந்தது. 45 வயதை ஒட்டித் தசைக் குறைவு புலப்படத் தொடங்குகிறது. கைகளைக் காட்டிலும் இடுப்புக்குக் கீழே அது அதிகம் என்று தெரிந்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க், மெம்பிஸ் நகரங்களில் 70 முதல் 79 வயது வரையிலுள்ள 3,075 பேரை 1997-லிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். தசை குறையும் வேகத்தைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு வேகத்தில் பலம் குறைகிறது என்று கண்டார்கள். ஆகவே தசையின் அளவு மட்டுமல்ல, அதன் தரமும் கெடுகிறது என்று ஊகிக்க இடமாயிற்று. தொடைத் தசையில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கே நடப்பதும் படியேறுவதும் பின்னால் அதிகம் சிரமமாயின.

இதைவிட வியப்பான சோதனை பாஸ்டன் நகரில் நடந்தது. முடிவு 1990-ல் வெளியாயிற்று. முதியோர் இல்லத்தில் வசித்த, தள்ளாமை மிகுந்த 10 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 86 முதல் 96 வரை. காலால் கனமான எடையைத் தள்ளித் தூக்கும் பயிற்சியை 8 வாரம் கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட, 9 பேர் முடித்தார்கள். அவர்களுடைய கால்பலம் சராசரி 174 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ராண்ட்ஜன் கிரணத்தால் தொடையைக் குறுக்கே படம் பிடித்துப் பார்த்ததில், தசையின் பரப்பு 9 சதவீதம் பெருத்திருந்தது. ஓர் அடியின் முன் மறு அடியை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கும் வேகம் ஏறக்குறையப் பாதி மடங்கு அதிகரித்திருந்தது.